சுரண்டிய முகம்

"முகம் மட்டும்தானே, வேற படத்துலேர்ந்து எடுத்து ஒட்டிடேன்" என்று எங்கள் பத்திரிகையின் உதவி ஆசிரியை அக்கா கேட்டார். முடியாது என்றேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

விக்டோரியா மகாராணியும் ஐந்து பிள்ளைகளும் இருக்கும் படம் அது. 1852 ஜனவரி 17 அன்று வில்லியம் கில்பர்ன் எடுத்த டாகுரோடைப், அதாவது உலோகத் தகட்டிலேயே நேராகப் பதியும் ஆரம்பகாலப் புகைப்படம். சில விநாடிகளாவது அசையாமல் இருந்தாக வேண்டிய காலம். ராணி கண்ணை மூடிவிட்டார். தன் படம் கோரமாக வந்திருக்கிறது, பிள்ளைகள் அழகாக இருக்கிறார்கள் என்று நாட்குறிப்பில் எழுதினார். தகட்டில் தன் முகத்தை மட்டும் சுரண்டிவிட்டார்.

வெள்ளி பூசிய செப்புத் தகடு. நெகட்டிவ் கிடையாது, ஒரே பிரதி. விரலால் தேய்த்தாலே படம் போய்விடும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் இருந்த இடத்தில் ஒரு வெறுமை, இரண்டு பக்கமும் பிள்ளைகள் பத்திரமாக நிற்கிறார்கள். தகட்டையே தூக்கிப் போட்டிருக்கலாம். பிள்ளைகளுக்காக வைத்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சுரண்டலை மறைத்தால் படத்தில் என்ன மிஞ்சும் என்று வாதாடினேன்.

"சரிப்பா, ஒட்ட வேண்டாம். ஆனா அவங்களே வேண்டாம்னு சுரண்டினதை நாம எதுக்கு முழுப் பக்கத்துக்குப் போடணும்?" என்றார் அக்கா.

"அது சரித்திரம்க்கா" என்றேன்.

அது ஒரு பதிலா? இரண்டே நாளில், 19ஆம் தேதி, ராணி மறுபடியும் கில்பர்ன் முன்னால் உட்கார்ந்தார். இந்த முறை பக்கவாட்டில் திரும்பி, முகத்தைப் பெரும்பாலும் மறைக்கும் அகலத் தொப்பியோடு. 1860இல் மேயால் என்ற புகைப்படக்காரர் எடுத்த குடும்பப் படங்களை அட்டைகளாக விற்கவும் அனுமதி கொடுத்தார். கேமராவுக்குப் பயந்தவர் இல்லை. எது வெளியே போக வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்தவர். அதை யோசிக்க யோசிக்க அக்கா பக்கம்தான் நியாயம் கூடுகிறது. ஆனால் தகடு இன்று பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது, அவர்களே வெளியில் காட்டுகிறார்கள். நான் யாருடைய பெட்டியையும் திறக்கவில்லை.

கல்யாண ஆல்பம் வேலையில், கண் மூடிய படத்தை அழித்துவிடுங்கள் என்று ஒரு பெண் சொன்னால் ஏன் என்று கேட்காமல் அழிக்கிறேன். 170 வருடம் கடந்துவிட்டால் அந்த உரிமை போய்விடுமா?

முழுப் பக்கத்துக்கே போட்டோம். அளவைக் குறைத்து, 19ஆம் தேதிப் படத்தையும் பக்கத்தில் வைத்திருக்கலாமோ என்று சில நாள் தோன்றும். சின்னதாகப் போட்டால் சுரண்டல் அச்சுக் கோளாறு மாதிரித் தெரியுமே என்று உடனே அதையும் மாற்றிக்கொள்கிறேன்.