மாநில செனட்டர் ஆன டாக்டர் மார்த்தா

மார்த்தா ஹியூஸ் கேனனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, 1896இல் அமெரிக்காவின் யூட்டா மாநில செனட் (சட்டமன்ற மேலவை) தேர்தலில் அவர் தம் கணவரையே தோற்கடித்தார் என்பதைத்தான். கேட்கச் சுவையாக இருந்தாலும் அது பாதி உண்மைதான். சால்ட் லேக் பகுதிக்குரிய ஐந்து இடங்களுக்கு மார்த்தா ஜனநாயகக் கட்சியின் பட்டியலிலும், கணவர் ஏங்கஸ் கேனன் குடியரசுக் கட்சியின் பட்டியலிலும் நின்றனர். ஐந்தையும் ஜனநாயகக் கட்சியே பிடித்தது; ஆக, அது இருவருக்கும் இடையிலான நேரடிப் போட்டி அன்று. எனினும், அமெரிக்காவின் முதல் பெண் மாநில செனட்டர் மார்த்தாதாம் என்பதில் ஐயமில்லை.

வேல்ஸில் 1857இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அந்நாளில் பலதார மணத்தை ஏற்றிருந்த மார்மன் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த பெற்றோருடன் யூட்டாவுக்கு வந்தவர் அவர். வழியில் தங்கை இறந்தாள். ஊர் சேர்ந்த மூன்றாம் நாள் தந்தையும் இறந்தார். அச்சகத்தில் எழுத்துக் கோத்துச் சேர்த்த பணத்தில் படித்து, 1880இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு பிலடெல்பியாவில் பேச்சுக்கலையும் பயின்றார்.

1884இல் ஏங்கஸுக்கு நான்காம் மனைவியானார். பலதார மணத்துக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட காலம் அது. மார்த்தா பார்த்த பிரசவங்களே பல குடும்பத் தலைவர்களுக்கு எதிரான சாட்சியமாகிவிடக் கூடும் என்ற நிலையில், நீதிமன்றத்தில் ஏறிப் பேச மனமில்லாத அந்த மருத்துவர், 1886இல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்று மறைந்து வாழ்ந்தார். என்னைக் கேட்டால், தேர்தல் கதையைவிட இதுவே அவருடைய வாழ்க்கையின் கனமான பகுதி.

செனட்டிலும் அவர் டாக்டராகவே இருந்தார். கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் பெண்களும் சிறுமிகளும், கையில் வேலை இல்லாத நேரத்தில் உட்கார முதலாளிகள் நாற்காலியோ முக்காலியோ தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். காது கேளாத, பார்வையற்ற குழந்தைகளின் கல்விக்காகவும் ஒரு மசோதா கொண்டுவந்தார். 1898இல் அமைந்த மாநில சுகாதார வாரியமும் அவருடைய முயற்சியின் பயனே.

1899இல் அவருக்கு மூன்றாம் குழந்தை பிறந்தது. பலதார மணத்தைக் கைவிடுவதாக மார்மன் திருச்சபை 1890இலேயே அறிவித்திருந்ததால், அந்தப் பிறப்பு ஊர்ப்பேச்சாயிற்று. ஏங்கஸ் அபராதம் கட்டினார். மார்த்தாவின் அரசியல் வாழ்க்கை அத்துடன் முடிந்தது.