பெட்டி சுங்கத்தில் இருக்கிறது

ஜூன் 3

வெளிநாட்டிலிருந்து வாங்கிய பழைய தச்சுக் கருவிகளின் பெட்டி. அதன் நிலை காட்டும் பக்கத்தில் இன்றும் அதே வரி: ‘சுங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது.’ ஒப்படைத்தவர்களுக்கு வேலை முடிந்தது.

ஜூன் 4

அதே வரி.

ஜூன் 6

அனுப்பியவர் நல்ல மனிதர். அந்த நல்ல குணமே எனக்கு வினையாக வந்து முடியும் போலிருக்கிறது. பெட்டியின் மேல் ஒட்டிய சிஎன் 23 என்ற சுங்க அறிவிப்புப் படிவத்தின் நகலைக் கேட்டிருந்தேன், இன்று வந்தது. வேறு யாராக இருந்தாலும் ‘பழைய கைக்கருவிகள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இவர் ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். உளிகள். எண்ணெய்ச் சாணைக்கல். இழைப்புளி ஒன்று, ரோஸ்வுட் பிடியும் முன்குமிழும் கொண்டது. விற்கிறவருக்கு அது பெருமை. படிக்கிற அதிகாரிக்கு அது கேள்வி.

மதிப்பைக் குறைத்துப் போடட்டுமா, ‘அன்பளிப்பு’ என்று எழுதட்டுமா என்றும் அவர்தான் கேட்டார். இரண்டும் வேண்டாம் என்றேன். நேர்மை ஒரு பக்கம் இருக்கட்டும், பெட்டி தொலைந்தால் எழுதிய மதிப்புக்கு மேல் யாரும் நஷ்ட ஈடு தரப்போவதில்லை.

ஜூன் 7

மழை. கிடங்கின் கூரை எப்படிப்பட்டதோ. உளிகளுக்கு எண்ணெய் தடவித்தான் வைத்தேன் என்கிறார். எந்த எண்ணெய், எவ்வளவு?

ஜூன் 9

தூக்கம் வராத இரவுகளில் படிக்கத்தக்கது சுங்கத்தின் சரக்குக் குறியீட்டு அட்டவணை. கிண்டலாகச் சொல்லவில்லை. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு. முதல் ஆறு இலக்கங்கள் அதை ஏற்ற எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்குப் பின்னால் வரும் இலக்கங்கள் அவரவர் விருப்பம், வரியும் அவரவர் விருப்பம்.

இழைப்புளி, உளி, நகவுளி எல்லாம் 8205.30. கைரம்பம் 8202.10. சாணைக்கல் இரும்புச் சாமான்களோடு இல்லை, கல்லோடு போய்விட்டது: 6804.30. மின்சாரம் குடிக்கும் மரவேலை இயந்திரங்கள் 8465. இந்த 8465-க்குள் என் பெட்டியை எவரேனும் தள்ளிவிடுவார்களோ என்று ஒரு பயம் இருக்கிறது. கையால் தள்ளுவதை இயந்திரம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? ஆனாலும் பயம்.

முழுக்க மரத்தால் ஆன உடல் கொண்ட இழைப்புளியைப் பற்றி யோசித்திருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. உள்ளே இரும்புத் தகடு இருந்தால் அது 82-ஆம் அத்தியாயம்; வெட்டுகிற விளிம்பு எதனால் ஆனது என்றுதான் பார்ப்பார்கள். தகட்டை உருவிவிட்டு வெறும் உடலை மட்டும் அனுப்பினால் 4417, மரச்சாமான். ஆப்பைத் தட்டி இரும்பைக் கழற்றிய கணத்தில் பொருள் அத்தியாயம் மாறிவிடுகிறது. எழுதியவர்களில் ஒருவராவது இழைத்துப் பார்த்தவராக இருக்க வேண்டும்.

மணி இரண்டரை. அதே வரி.

ஜூன் 10

மருத்துவமனையில் ஆசான் கண்ணைத் திறந்ததும் கேட்டது, “வந்துவிட்டதா?”

“வந்துகொண்டிருக்கிறது, ஐயா.”

“அதைத்தானே போன வாரமும் சொன்னாய்.”

ஜூன் 12

கடிதம் வந்திருக்கிறது. நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூன்று கேட்கிறார்கள்: பணம் செலுத்திய சான்று, பெட்டியைப் பொதிந்த மரத்தின் விவரம், பிடியில் உள்ள மரத்தின் அறிவியல் பெயர்.

மூன்றாவதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துவிட்டது என்றதும் ஒரு விதத்தில் நிம்மதி. அது மாலை வரைகூட நிற்கவில்லை.

ஜூன் 13

ரோஸ்வுட் என்று விற்கப்படுபவை பல. அவற்றில் பெரும்பாலானவை டால்பெர்ஜியா பேரினம், நம் ஈட்டி மரமும் அதில்தான் சேர்த்தி. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம், 2017 ஜனவரி 2 முதல் ஏறக்குறைய அந்தப் பேரினம் முழுவதையும் இரண்டாம் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ஒரு பிடிக்கும் ஒரு குமிழுக்கும்கூட உரிமம் தேவை என்ற நிலை. கிட்டார் வாசிப்பவர்கள் புலம்பிய புலம்பலில் 2019-இல் தளர்த்தினார்கள்: முடிவுற்ற பொருளில் அந்த மரம் ஓர் அனுப்புகைக்கு 10 கிலோவுக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம். என் பிடியும் குமிழும் சேர்ந்து ஒரு கிலோவில் சிறு பங்குகூட வராது. ஆக, பிரச்சினை இல்லை.

இருக்கிறது. பிரேசில் ரோஸ்வுட், டால்பெர்ஜியா நைக்ரா, 1992 முதல் முதலாம் பட்டியலில் இருக்கிறது. அங்கே 10 கிலோ சலுகை கிடையாது. பழைய ஸ்டான்லி நிறுவன இழைப்புளிகளில் பிடி பெரும்பாலும் அந்த மரம்தான்; அதனால்தான் சேகரிப்பவர்கள் அலைகிறார்கள். பட்டியலில் ஏறும் முன்பே வெட்டப்பட்டது என்று ஏற்றுமதி நாடு சான்று கொடுத்தால் வழி உண்டு. பெட்டி அங்கிருந்து கிளம்பும் முன் வாங்கியிருக்க வேண்டிய காகிதம் அது. விற்றவருக்கு எழுதிக் கேட்டேன். “அப்படி ஒன்று இருக்கிறதா?” என்று பதில்.

புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பிடியின் மேல்நுனி ஒரு காலத்தில் உடைந்து, பிறகு ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டு ரேகை நார்களைக் குறுக்கே வெட்டிப் போகிறது. ஒட்டியவர் அவசரக்காரர், பிதுங்கிய பசையைச் சீவக்கூட இல்லை. ஒட்டுக்குக் கீழே கருவரிகள் நெளிந்து இறங்குகின்றன. இதை வைத்து எந்த மரம் என்று எப்படிச் சொல்வது? குறுக்குவெட்டு முகத்தைச் சீவி உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். அந்த முகம் அங்கே பெட்டிக்குள் இருக்கிறது.

ஜூன் 14

வச்சிரம் வந்து சேர்ந்தது. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. விலங்குப் பொருள் என்று அதைத்தான் நிறுத்துவார்கள் என்றிருந்தேன். ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஜூன் 16

பொதிமர விவகாரம் தீர்ந்தது. அனுப்பியவர் பைன் பலகையில் சட்டம் அடித்து அனுப்பியிருந்தார். புகைப்படத்தில் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது: கோதுமைக் கதிர்ச் சின்னம், நாட்டுக் குறி, எண், பக்கத்தில் ‘எச்டி’. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் விடாமல் 30 நிமிடம் சூடாக்கியது என்று பொருள். இதை வெட்டி வேலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1996-இல் நியூயார்க்கில் ஆசிய நீள்கொம்பு வண்டைக் கண்டுபிடித்தார்கள். சரக்கைச் சுற்றி வந்த மரத்துக்குள் ஒளிந்து கடல் தாண்டியிருந்தது. அதற்காக வெட்டிச் சாய்த்த மரங்களுக்குக் கணக்கில்லை. ஒட்டுப்பலகையில் பொதிந்திருந்தால் இந்த முத்திரையே வேண்டாம், அடுத்த முறை சொல்ல வேண்டும்.

அடுத்த முறையாம்.

ஜூன் 17

பணச் சான்று போதாதாம். பழைய பொருளுக்கு இவ்வளவுதான் விலையா என்று ஐயம். உண்மையில் கொடுத்த விலையே மதிப்பு, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு ஒப்பந்தமே சொல்கிறது. சரக்குக் கூலியைச் சேர்ப்பதா விடுவதா என்பதைத்தான் அந்தந்த நாட்டிடம் விட்டிருக்கிறார்கள். வங்கி அறிக்கை, விலைப்பட்டியல், விற்றவரோடு பேசிய பேச்சு, எல்லாவற்றையும் அனுப்பினேன். பேரத்தில் நான் கெஞ்சியதையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து படிப்பார். படிக்கட்டும்.

சாணைக்கல்லைப் பற்றி மட்டும் இதுவரை எவரும் எதுவும் கேட்கவில்லை. கல் கொடுத்து வைத்தது.

ஜூன் 18

மழை விடவில்லை. துரு, துரு, துரு.

ஜூன் 19

ஆசானிடம் பட்டியல், உரிமம், நைக்ரா எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, பேச வேறு எதுவும் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். உறங்கிவிட்டார் என்று எழுந்தேன்.

“வெட்டுவது எது?”

“இரும்பு, ஐயா.”

“அப்புறம் பிடியை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய்? கழற்றிக் கொடுத்துவிட்டு வா. பிடி செய்யத் தெரியாதவனுக்கா நான் சொல்லிக்கொடுத்தேன்?”

செவிலியர் என்னை முறைத்தார். ஆசானுக்கு இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஜூன் 20

கடிதம் எழுதி அனுப்பினேன். மரத்தின் இனத்தை என்னால் உறுதி செய்ய இயலாது. பிடி, முன்குமிழ் இரண்டின் மீதும் எனக்கு உரிமை வேண்டாம். அவற்றை நீக்கிவிட்டு எஞ்சிய வார்ப்பிரும்பு உடலையும் தகட்டையும் உளிகளையும் கல்லையும் விடுவிக்கக் கோருகிறேன். மூன்று முறை திருத்தினேன். ‘பணிவுடன்’ என்பதை ஒரே இடத்தில் மட்டும் விட்டுவைத்தேன்.

ஜூன் 21

பதில் இல்லை. தோட்டத்து வேப்பங்கட்டையில் பிடியின் வடிவத்தை வரைந்தேன். நார் பிடியின் நீளவாட்டில் போகாமல் முன்பின்னாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் மேல்நுனி தாங்காது. அப்படி ஓடினால் பிடியின் நடுப்பகுதி நார் வழியே பிளக்கப் பார்க்கும். இரண்டையும் ஒன்றாகத் திருப்திப்படுத்த வழியில்லை, அதனால்தான் பழைய பிடிகள் பலவற்றில் ஒட்டுப்போட்டிருக்கிறது.

ஜூன் 23

மருத்துவமனை. எழுத மனமில்லை.

ஜூன் 24

தொலைபேசியில் அழைத்தார்கள். குரலில் கண்டிப்பு இல்லை, கொஞ்சம் சிரிப்புகூட இருந்ததோ என்னவோ.

“சார், நீங்கள் கேட்டபடி செய்யலாம். ஆனால் கழற்றுவது எங்கள் வேலை இல்லை. எங்கள் முன்னிலையில் நீங்களே கழற்றி ஒப்படைக்க வேண்டும். நாளை பத்து மணிக்கு வாருங்கள். வரித்தொகையை அங்கேயே கட்டிவிடலாம்.”

“ஸ்குரூடிரைவர் நான் கொண்டுவரலாமா?”

“எங்களிடம் இல்லை, சார்.”

உள்ளே நீள ஆணி, மேலே பிளவுத்தலைப் பித்தளை மரை. வருடக்கணக்கில் திருகாதது, முனை சரியாக உட்காராவிட்டால் பித்தளை சிதைந்துவிடும். அகலமானதை எடுத்து அரத்தில் தேய்த்து முனையை மெல்லியதாக்கிக்கொண்டிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். ஊடுருவும் எண்ணெயும் ஒரு சிறு குப்பியில். அதை உள்ளே விடுவார்களா என்று கேட்காமல் விட்டேன்