ஒரு நாள் நடைக்கு ஒரு கூரை

சென்ற மார்கழியில், செட்டிநாடு ரயில் நிலையத்தில் இறங்கி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி வழியாக வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் வரை நான்கு நாள் நடந்தேன். மாளிகைகளைப் பார்ப்பதற்காகச் செல்லவில்லை. அவை நான் பிறந்து வளர்ந்த தெருக்களில் இருப்பவை. தோளில் ஒரு பையுடன் புறப்படும் ஒருவர், தார்ச்சாலையை இயன்ற அளவு தவிர்த்து, வண்டிப்பாதையிலும் கண்மாய்க்கரையிலுமாக நடந்து, ஒவ்வோர் இரவும் ஒரு கூரையின் கீழ் படுத்து எழ முடியுமா என்று பார்க்கவே சென்றேன்.

இந்த எண்ணம் எனக்கு நார்வேயில் தோன்றியது. வேலை நிமித்தமாக அங்கே இருந்தபோது, ஹார்டாங்கர்விட்டா என்னும் பீடபூமியில் நண்பர்களுடன் ஒரு வாரம் நடந்தேன். 1868-இல் தொடங்கப்பட்ட நார்வே மலையேற்றச் சங்கம் அந்த நாடு முழுவதும் 500-க்கும் மேற்பட்ட குடில்களைப் பராமரிக்கிறது. காவலர் இல்லாத குடில்களில் பெரும்பாலானவற்றை, உறுப்பினர்களுக்குக் கொடுக்கப்படும் ஒரே வகைச் சாவியால் திறந்துவிடலாம். உள்ளே விறகடுப்பும் கட்டிலும் போர்வையும் இருக்கும். சில குடில்களில் அலமாரி நிறைய உணவுப் பொருள்களும் இருக்கும். எடுத்ததை நாமே எழுதி, அதற்கான பணத்தைச் செலுத்தி, தரையைத் துடைத்து, அடுத்து வருபவருக்கு விறகு பிளந்து வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். வழிநெடுக அடுக்கி வைத்த கற்குவியல்களில் சிவப்பு மையால் 'T' என்ற எழுத்து தீட்டப்பட்டிருக்கும். மூடுபனியில் ஒரு குறியைத் தொட்டுவிட்டு அடுத்த குறியைத் தேடி நடந்த அந்த நாள்களில், என் அப்பச்சியின் பழனி நடைதான் மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தது.

அப்பச்சி ஒவ்வொரு தை மாதமும் நகரத்தார் காவடியுடன் குன்றக்குடியிலிருந்து புறப்பட்டு, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்தவர். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் நடை என்று பெரியவர்கள் சொல்வார்கள். எந்த ஊரில் உச்சி வெயிலுக்கு ஒதுங்குவது, எந்த மடத்தில் இரவு தங்குவது, எங்கே மோர் கிடைக்கும், எங்கே கஞ்சி கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இதைத்தான் மற்ற நாடுகளில் குடில் வலைப்பின்னல் என்கிறார்கள். ஒரு நாள் நடைத் தொலைவில் தங்குமிடம், இடையில் தண்ணீர், தவறாத வழிக்குறி, அத்தனையையும் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள ஆள்: இவை நான்கும் இருந்தால் போதும். நம்மிடம் இவை தைப்பூசத்தை ஒட்டிய சில நாள்களுக்கு மட்டும் உயிர்பெற்று, பிறகு பூட்டிக்கொள்கின்றன.

முதல் நாளே அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டேன். விடியலில் புறப்பட்டு, முந்திரித் தோப்பையும் தைலமரக் காட்டையும் கடந்து செம்மண் வண்டிப்பாதையில் மகிழ்ச்சியாகத்தான் நடந்தேன். ஆனால் ஒரு கண்மாய்க் கரையருகே சீமைக் கருவேலம் பாதையை முழுதாக அடைத்துவிட்டிருந்ததால், சுற்றிக்கொண்டு ஒரு சிற்றூரை அடையும்போது உச்சி வெயில் வந்துவிட்டது. அங்கிருந்த மடத்தின் கதவில் ஒரு கைப்பிடி அளவு பூட்டுத் தொங்கியது. திண்ணையில் கறையான் மண். எதிர்வீட்டு ஆத்தா ஒரு செம்பு நீச்சத்தண்ணியை நீட்டி, "எங்கிட்டு இருந்து வாறீக? சாவி பங்காளிக கிட்டயில்ல இருக்கு. ஒருத்தரு சென்னை, ஒருத்தரு மலேசியா. பூசத்துக்குத்தான் தொறப்பாக" என்றார். அன்று பிற்பகல் முழுவதும் அந்தத் திண்ணையில் சாய்ந்துகொண்டு, நாட்டு ஓட்டுக் கூரையையும் சுண்ணாம்புச் சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே அனல் அடித்தபோதும் திண்ணை குளிர்ந்தே இருந்தது. இதைவிட நல்ல குடிலை யார் புதிதாகக் கட்டிவிட முடியும்?

எனவே, செட்டிநாட்டுக்குப் புதுக் கட்டடம் தேவையில்லை என்பதே என் உறுதியான எண்ணம். நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை இன்று 900-க்கும் மேற்பட்ட குடில்களைப் பராமரிக்கிறது. அவற்றில் பல, காட்டை அழித்துவந்த மான்களைச் சுடுவதற்கு அரசு அனுப்பிய வேட்டைக்காரர்கள் தங்குவதற்காகக் கட்டப்பட்டவை. வேட்டைக்குக் கட்டியது நடப்பவருக்குப் பயன்படுமானால், காவடிக்குக் கட்டியதும் பயன்படும். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில், போர்க்காலத்தில் மலைப்படையில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் ஃபிரிட்ஸ் பெனடிக்ட் 1980-இல் ஒரு குடில் சங்கத்தைத் தொடங்கியபோது, முதல் இரண்டு குடில்கள் 1982-இல் எழுந்தன. முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாராவும் அவருடைய நண்பர்களும், இறந்துபோன அவருடைய மனைவியின் நினைவாக அவற்றுக்குப் பொருள் கொடுத்தார்கள். போனவர் பெயரால் வழிப்போக்கருக்கு நிழல் தருவது காசியிலும் ராமேசுவரத்திலும் சத்திரம் கட்டிய நகரத்தாருக்குப் புதிய செய்தி அன்று.

கடினமானது பங்காளிகளின் சம்மதம். ஒரு மடத்துக்கோ பொது வீட்டுக்கோ இருபது முப்பது பங்குதாரர்கள் இருக்கக்கூடும். அவர்களில் ஒருவர் மறுத்தாலும் கதவு திறக்காது. அதைவிடக் கடினமானது கழிப்பறை. பழைய மடங்கள் பலவற்றில் அது கிடையாது, அது இல்லாமல் பெண்களை இந்த வழியில் நடக்க அழைப்பது நியாயமே அன்று. எனக்கு நிதி கிடைத்தால் முதல் ரூபாயை அதற்குத்தான் செலவிடுவேன். தண்ணீரைப் பொறுத்தவரை, குடிநீர் ஊரணி, குளிக்கும் ஊரணி என்று நம் முன்னோர் பிரித்து வைத்திருந்தார்கள். இன்று எந்த ஊரணி எந்த நிலையில் இருக்கிறது என்று ஊர்க்காரர்களிடம் கேட்டு எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆத்தங்குடியில் வழிக்குறிக்கு ஒரு விடை கிடைத்தது. தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறை ஒன்றில், மாவிலை வரைந்த ஒரு கல் வேண்டும், இலையின் நுனி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வழி என்று விளக்கினேன். அந்தப் பெரியவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்து இரும்புச் சட்டத்துக்குள் வைத்தார். தகட்டை வளைத்து இலை வடிவில் ஓர் அச்சைச் செய்து அதன் மேல் நிறுத்தி, உள்ளே பச்சைக் குழம்பையும் வெளியே வெள்ளைக் குழம்பையும் சிறு கரண்டியால் ஊற்றினார். அச்சை மேலே தூக்கியபோது இரண்டு நிறங்களும் ஒன்றையொன்று தொட்டு நின்றனவே தவிர, துளியும் கலக்கவில்லை. அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை அப்பிக் கரணையால் மட்டம் செய்தார். "இது காலு படப்படத்தான் மெருகேறும் தம்பி. வெயில்ல கெடந்தா நெறம் மங்கிரும். செவத்துல, நெழலு விழுற பக்கமாப் பதிங்க" என்றார். தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்த பழைய கற்களில் இரண்டைக் காட்டி, அவற்றின் இலை வடிவம் பொருந்துமா என்று கேட்டார், பொருந்தியது. அந்த இரண்டையும் பையில் வைத்துக்கொண்டேன். சுமையாகத்தான் இருந்தது.

குன்றக்குடியில் மலையடிவாரத்தில் தங்கினேன். விடியலில் மயில் அகவிக்கொண்டே இருந்தது. பிள்ளையார்பட்டியில் தங்குமிடத்துக்குக் குறைவில்லை. ஆகவே அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. முதல் கல்லை வைரவன்பட்டிக்குப் போகும் வழியில், ஒரு சுமைதாங்கிக் கல்லுக்கு அருகில் இருந்த தேநீர்க் கடைக்காரரிடம் கொடுத்தேன். தன் கடைச் சுவரில் பதித்துக்கொள்வதாகச் சொன்னார்.

கடைசி நாள் நடை நீண்டது. திருப்பத்தூரைத் தாண்டி, சரணாலயத்தைச் சேர்ந்த கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயை அடைந்தபோது மாலை ஆகிவிட்டது. கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் வந்து அடைந்துகொண்டிருந்தன. 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் கண்மாய்களைச் சுற்றியுள்ள ஊர்களில், பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. கரைக்கு அருகில் நிலம் வைத்திருக்கும் ஒரு பெரியவர், தம் மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொள்ளச் சொல்லிப் பாயும் ஒரு குடம் தண்ணீரும் கொடுத்தார். விடியலில் புறப்படும்போது சாவியை யாரிடம் கொடுப்பது என்று அப்போதே கேட்டேன்.

"சாவியா? இந்தக் கொட்டாய்க்குப் பூட்டே கெடையாதுய்யா" என்றார்.

இனி நடந்து வருபவர்களும் இங்கே தங்கலாமா என்று கேட்டேன். கூட்டமாக வரக்கூடாது, கண்மாய்க்கரையில் சத்தம் போடக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளைச் சொன்னார். மறுநாள் காலை அவரே சிமெண்டைக் குழைத்து, கிழக்கு வெயில் படாத பக்கத்துச் சுவரில் இரண்டாவது கல்லை வைத்துப் பார்த்து, இலை நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கேட்டார். சிங்கம்புணரி இருக்கும் திசையைக் காட்டினேன்.