குழந்தை கையில் கொடுக்கும் முன்

என் மகளுக்கு நான்கு வயது. நேற்று ஒரு செயலியில் யானைக்கு நீல வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள். தும்பிக்கை பாதி முடிந்தபோது விளம்பரம் வந்து திரையை மறைத்தது. மூடும் குறியோ கடுகளவு. அவள் விரல் பக்கத்தில் பட்டு, வேறேதோ விளையாட்டின் பக்கம் திறந்துகொண்டது. யானை எங்கே என்று அழுதாள். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பெற்றோர்களே, இலவசம் என்றதும் இறக்கிவிடாதீர்கள். பத்து நிமிடம் நீங்களே விளையாடிப் பாருங்கள். விளம்பரம் குறுக்கிடுகிறதா, பணம் கேட்கிறதா, இணையம் இல்லாமலும் ஓடுகிறதா என்று கவனியுங்கள்.

எழுத்தும் எண்ணும் விளையாட்டாகச் சொல்லித்தரும் கான் அகாடமி கிட்ஸ் செயலி இலவசம், விளம்பரமே இல்லை. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசும், அதனால் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேச்சுக் கொடுங்கள். 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு, கணினி நிரல் எழுதுவதை விளையாட்டாகப் பழக்கும் ஸ்கிராட்ச் ஜூனியர். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் கட்டளைப் படங்கள் உள்ள கட்டங்களைக் கோத்துத் திரையில் உள்ள பூனையை நடக்கவைத்துவிடும். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எதுவானாலும் அளவோடு கொடுங்கள். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது.

வேறு நல்ல செயலிகள் தெரிந்தால் சொல்லுங்கள், நானும் பார்க்கிறேன்.