எழுதிக் கொடுத்த பிரதி

முதற்பதிப்புகளைத் தேடிச் சேர்க்கத் தொடங்கிய காலத்தில் ஆசிரியரின் கையொப்பம் இருந்தாலே போதும் என்று எண்ணியிருந்தேன். இப்போது வெறும் கையொப்பத்தைவிட, ஒருவரின் பெயர் சொல்லி, தேதியிட்டு, இரண்டு வரி எழுதிக் கொடுக்கப்பட்ட பிரதியையே விரும்பி வாங்குகிறேன். கையொப்பத்தை ஒரே அமர்வில் நூறு பிரதிகளில் போட்டுவிடலாம்; பெயர் சொல்லி எழுதிய வரி அந்த ஒரு பிரதிக்கு மட்டுமே உரியது.

என்னிடமுள்ள கவிதைத் தொகுப்பு ஒன்றில், முதல் வெற்றுத் தாளில் நீல மையில் நான்கு வரிகள் உள்ளன. மை உலர்வதற்குள் புத்தகத்தை மூடிவிட்டதால், அட்டையின் உட்புறத்தில் அதே வரிகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி மங்கலாகப் பதிந்திருக்கின்றன. எழுதி முடித்த கையோடு அதை நீட்டியிருக்கிறார் என்று எண்ணும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

முதல் அச்சுதானா என்று அறிய, பதிப்புரிமைப் பக்கத்தில் உள்ள எண்வரிசையைப் பார்ப்பது வழக்கம். பல பதிப்பகங்கள் ஒவ்வொரு மறு அச்சிலும் மிகச் சிறிய எண்ணை நீக்கிவிடுவதால், 1 எஞ்சியிருந்தால் அது முதல் அச்சு. பழைய நூல்களுக்கு இந்த வசதி இல்லை.

அங்கேதான் எழுதிக் கொடுத்த வரிகள் சாட்சியாகின்றன. ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் சானெட்டுகள் (பதினான்கு வரிக் கவிதைகள்) அடங்கிய, 1847 என்று ஆண்டு அச்சிடப்பட்ட சிறுநூல் ஒன்று அரிய முதற்பதிப்பாக நெடுங்காலம் போற்றப்பட்டது. பழைய நூல்களை ஆராய்ந்த ஜான் கார்ட்டரும் கிரஹாம் போலார்டும் 1934இல் அதைப் போலி என்று நிறுவினர். அந்த ஆண்டில் புழக்கத்திலேயே இல்லாத மரக்கூழ்த் தாளில் அது அச்சாகியிருந்தது முதன்மையான சான்று. அக்காலத்தில் எவருக்கும் எழுதிக் கொடுக்கப்பட்ட ஒரு பிரதிகூட அகப்படாதது இன்னொரு சான்று. உண்மையாகவே அன்று வெளிவந்திருந்தால் கவிஞர் தம் நண்பர் ஒருவருக்காவது எழுதிக் கொடுத்திருக்க மாட்டாரா?

ஆகவேதான், பெற்றவரின் பெயரை அழிப்பது எனக்குப் பொறுக்க முடியாத செயலாகத் தோன்றுகிறது. நான் வாங்கிய நாவல் ஒன்றில், பிரதி புதிதாகத் தெரியட்டும் என்று யாரோ பெயரைச் சுரண்டிவிட்டு, ஆசிரியரின் கையொப்பத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பேனா அழுத்திய தடம் தாளில் தெரிகிறது. இதுவரை முதல் மூன்று எழுத்துகளைப் படித்திருக்கிறேன்.