செட்டுக்கும் வெடிக்கும் நடுவே

துப்பாக்கியை வெடித்து ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர் வேலை பார்ப்பவனுக்கு வெடி வெடித்ததோடு நூறு மீட்டர் ஓட்டம் முடிந்துவிடும். யார் ஜெயித்தார், டைமிங் என்ன என்பதெல்லாம் அந்தக் கோடியில் நிற்பவர்கள் பாடு. உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்த நாளிலிருந்து குறுவட்டம், மாவட்டம், எப்போதாவது மாநிலம் என்று எந்தப் போட்டிக்குப் போனாலும் எனக்குப் பெரும்பாலும் இந்த வேலைதான் வாய்க்கிறது. அதனாலேயே உலக சாம்பியன்ஷிப் டிவியில் ஓடும்போது, கேமரா வீரர்களின் முகத்தையே காட்டக் காட்ட, ‘ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் காட்டுங்களேன்’ என்றிருக்கும். காட்டவே மாட்டார்கள்.

தப்பு நடந்தால் மட்டும் எல்லோருக்கும் ஸ்டார்ட்டர் ஞாபகம் வந்துவிடும். 2011 ஆகஸ்ட் 28, தென் கொரியாவின் டேகு. உலக சாம்பியன்ஷிப், ஆண்கள் நூறு மீட்டர் ஃபைனல். 9.58 என்ற உலக சாதனையைக் கையில் வைத்திருந்த உசைன் போல்ட் வெடிக்கு முன்பே பாய்ந்துவிட்டார். யாரும் சொல்வதற்கு முன் அவருக்கே தெரிந்துவிட்டது. ஓடிய வேகத்திலேயே பனியனைக் கழற்றினார். ஜெயித்தது அவருடைய பயிற்சிக்கூடத் தோழர் யோஹான் பிளேக், 9.92. அது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் நான்தான் போல்ட்டை வெளியே அனுப்பியது போல ஆளாளுக்கு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். “உலகமே அவர் ஓடுறதப் பாக்கத்தான சார் உக்காந்திருக்கு? ஒரு சான்ஸ் குடுத்தா என்ன குறைஞ்சிடும்?” என்றார் கணக்கு சார்.

குறைந்துவிடும். அதை அவருக்குப் புரியவைக்கக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு காலத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபால்ஸ் ஸ்டார்ட், அதாவது வெடிக்கு முன் கிளம்பும் தப்பு, மன்னிப்பு உண்டு. அதன் லட்சணத்தை 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பார்த்தோம். ஃபைனலில் முதலில் லின்ஃபோர்ட் கிறிஸ்டி, அடுத்து ஆட்டோ போல்டன், மறுபடியும் கிறிஸ்டி. பார்சிலோனாவில் தங்கம் வாங்கிய மனிதர், போக மாட்டேன் என்று ட்ராக்கிலேயே நின்றார். நாலாவது தடவைதான் ஓட்டம் நடந்தது. அத்தனை இழுபறிக்குப் பிறகும் டோனவன் பெய்லி 9.84-ல் உலக சாதனை படைத்தார் என்றால் அது அவருடைய நெஞ்சுரம்.

2003-ல் விதியை மாற்றினார்கள். மொத்த ஓட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு மன்னிப்பு. அதற்கு மேல் யார் அசைந்தாலும் அவர் வெளியே. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. புறப்பாட்டில் மந்தமான ஆள் முதலில் வேண்டுமென்றே அசைந்துவிட்டால் போதும், அடுத்த முறை எல்லோருமே பயந்து பயந்துதான் கிளம்புவார்கள். இவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, மற்றவர்களுக்குக் கழுத்தில் கத்தி. இந்தச் சூது ஒழிய வேண்டும் என்றுதான் 2010-லிருந்து ‘முதல் தப்புக்கே வெளியே’ என்று ஆக்கினார்கள். என்னைக் கேட்டால், ஸ்டார்ட்டருக்கு மரியாதை திரும்பக் கிடைத்தது அன்றைக்குத்தான். கணக்கு சார் ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

எங்கள் மைதானத்துக்கும் உலகப் போட்டி நடக்கும் ட்ராக்குக்கும் என்ன வித்தியாசம் என்று பையன்கள் கேட்பார்கள். நாங்கள் மண் ட்ராக்கில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கேப் என்கிற வெடிமருந்துப் பொட்டு வைத்து வெடிக்கிற துப்பாக்கியைத் தூக்குகிறோம்; மழையில் கேப் நனைந்துபோனால் இரண்டு பலகையைத் தட்டிச் சத்தமெழுப்பும் மரக் கிளாப்பர்தான். அந்தக் கோடியில் டைம் கீப்பர்கள் காதை நம்பக் கூடாது, புகையைப் பார்த்துத்தான் ஸ்டாப் வாட்சை அமுக்க வேண்டும். அப்படி அமுக்கினாலும் கையில் எடுத்த டைமிங்கை மின்னணு டைமிங்கோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டிக்கொள்ளச் சொல்வார்கள். அங்கேயோ வீரர்கள் கால் ஊன்றி உதைத்துக் கிளம்பும் ஒவ்வொரு பிளாக்குக்கும் பின்னால் ஒரு ஸ்பீக்கர். ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். ஓரத்தில் நின்று வெடித்தால் எட்டாவது லேனுக்குச் சத்தம் போய்ச் சேர முதல் லேனைவிட ஏறக்குறைய 0.025 விநாடி கூடுதலாகும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஃபைனலில் நோவா லைல்ஸ் 9.784, கிஷேன் தாம்ப்சன் 9.789. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே 0.005 விநாடிதான். ஸ்பீக்கர் எதற்கு என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

பிளாக்கில் கால் அழுத்துவதைக் கருவி அளந்துகொண்டே இருக்கும். வெடித்து 0.100 விநாடி ஆவதற்குள் ஒருவர் உதைத்தால் ஸ்டார்ட்டரின் ஹெட்ஃபோனில் சத்தம் வரும். சத்தத்தைக் கேட்டுவிட்டு அதற்கும் வேகமாக மனிதக் கால் உதைக்க முடியாது, முன்கூட்டியே ஊகித்துத்தான் கிளம்பியிருப்பார் என்பது கணக்கு.

ஆனால் கருவி பார்க்காத ஒன்று இருக்கிறது. ‘செட்’ சொன்னதும் இடுப்புகள் எழும். எல்லோரும் ஒரே நேரத்தில் எழ மாட்டார்கள். ஒருவர் சட்டென்று எழுந்து கல்லாகிவிடுவார்; ஒருவர் ஆற அமர எழுவார். முதலில் எழுந்தவரின் விரல்நுனிகள் வெளுத்துப்போயிருக்கும், முழங்கை மெல்ல நடுங்க ஆரம்பிக்கும். அந்த நடுக்கம் அசைவாக மாறுவதற்குள் கடைசி ஆளும் நிலைகொண்டாக வேண்டும். எல்லோரும் அடங்கிய அந்தக் கணத்தில்தான் விசையை அழுத்தலாம். அது எத்தனை விநாடி என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. சரியாக அமையவில்லை என்றால் எல்லோரையும் எழுப்பிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். புதிதாக வரும் ஸ்டார்ட்டர்கள் செட் சொன்னதும் அவசரப்படுவார்கள், இல்லையென்றால் ஒரேயடியாக இழுப்பார்கள். ஒரே தாளத்தில் வெடிக்கிற ஸ்டார்ட்டர் இன்னும் மோசம். ஹீட்ஸ் என்கிற முதல் சுற்று ஓட்டங்கள் முடிவதற்குள் பையன்கள் அந்தத் தாளத்தைப் பிடித்துவிடுவார்கள்.

“சார், நான் அசையவே இல்ல சார்” என்று வருகிற பையன்களில் பாதிப் பேர் உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார்கள். 2003 பாரிஸ் உலக சாம்பியன்ஷிப்பில் ஜான் டிரம்மண்ட் இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். கருவி காட்டியது 0.052. பக்கத்தில் அசாஃபா பவல் 0.086. இருவரும் வெளியே. பவல் போய்விட்டார், டிரம்மண்ட் ட்ராக்கிலேயே மல்லாந்து படுத்துவிட்டார். ஓட்டம் நின்றது, கூட்டம் கத்தியது, நிகழ்ச்சி நிரலே குலைந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. கால் சும்மா ஒரு துடிப்புத் துடித்தால்கூடக் கருவி அதை உதை என்றுதான் படிக்கும். டேகுவிலும் போல்ட்டின் பக்கத்து லேனில் பிளேக் லேசாக அசைந்தார், அதனால்தான் போல்ட் ஏமாந்தார் என்று பேச்சு அடிபட்டது. இருக்கலாம். ஆனாலும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஓடுவதா, வெடியைக் கேட்டு ஓடுவதா?

இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தனை பேர் உயிரைக் கொடுத்துத் திருடப் பார்க்கிற அந்தப் புறப்பாடு பெரிய ஓட்டங்களைத் தீர்மானிப்பதே அபூர்வம். 2009 பெர்லினில் போல்ட் 9.58 ஓடியபோது வெடிக்குப் பிறகு அவர் எடுத்துக்கொண்டது 0.146 விநாடி. பவல் 0.134-ல் கிளம்பி 9.84-ல் மூன்றாவதாக வந்தார். பாரிஸில் லைல்ஸ் 0.178. எட்டுப் பேரில் அவரைவிடத் தாமதமாகக் கிளம்பியவர் எவருமில்லை. முப்பது மீட்டர் தாண்டும்போதும் பின்னால்தான் கிடந்தார். கடைசியாக வந்தவரே 9.91 ஓடிய ஃபைனலில் தங்கம் அவருக்குத்தான். எங்கள் பையன்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். “அவரு ஓடுவாரு சார், எங்களுக்கு ஸ்டார்ட் வேணும்” என்கிறார்கள். 2025 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப் ஃபைனலில் லெட்சிலே டெபோகோவும் அப்படி நினைத்தாரோ என்னவோ. பாரிஸில் இருநூறு மீட்டர் தங்கம் வாங்கியவர், வெடிக்கு முன் கிளம்பி வெளியேறினார். ஒப்லீக் செவில் 9.77-ல் ஜெயித்தார். பாரிஸில் 9.91 ஓடிக் கடைசியாக வந்தவர் இவர்தான்.

விதி சரி என்று இவ்வளவு வாதாடிவிட்டு ஒரு இடத்தில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. 2022-ல் அமெரிக்காவின் யூஜின் நகரில் உலக சாம்பியன்ஷிப், 110 மீட்டர் தடை ஓட்டம். டெவன் ஆலன் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்த பையன், அரங்கம் முழுக்க அவர் பக்கம். அரையிறுதியில் அவருடைய எண் 0.101. ஓடினார், தேறினார். ஃபைனலில் 0.099. வெளியே. ஆயிரத்தில் ஒரு பங்கு! வாதாடிப் பார்த்தார், பலிக்கவில்லை. இயல்பாகவே சுருக்கென்று கிளம்புகிறவர் என்று அரையிறுதி எண்ணே சாட்சி சொல்கிறது. 0.052-ஐயும் 0.099-ஐயும் ஒரே தராசில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அங்கே நான் நின்றிருந்தாலும் சிவப்பு-கறுப்பு அட்டையைத்தான் தூக்கியிருப்பேன்; விதி அப்படி. ஆனால் விதி எழுதுகிறவர்கள் என்னைப் போன்றவனைக் கேட்டால் சொல்வதற்கு ஒன்று உண்டு. யார் மீதும் குற்றமில்லை என்று சொல்லப் பச்சை அட்டை ஏற்கெனவே இருக்கிறது. 0.080-க்கும் 0.100-க்கும் நடுவே ஒரு எண் வந்து, ஸ்டார்ட்டரும், தப்பான ஓட்டத்தைத் திரும்ப அழைக்கும் ரீகாலரும் கண்ணால் எந்த அசைவையும் பார்க்கவில்லை என்றால், அந்தப் பச்சை அட்டையைக் காட்டி எல்லோரையும் மறுபடி நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.