மெமரிக்குள் கிடந்த தீமிதிப் பட்டியல்

போன ஞாயிறு சுங்கை சிப்புட்டில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா பழைய தோட்டத்துக் கிராணி (எழுத்தர்), இப்போது கோயில் பொருளாளர். தீமிதிக்கு யார் யார் எவ்வளவு தருகிறார்கள் என்று காலையிலிருந்து ஒவ்வொருவராகப் போனில் கேட்டு, நான் உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) போட்டுக் கொடுத்த லேப்டாப்பில் நேரடியாகத் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரம் கழித்து எடிட்டர், அதாவது அவர் தட்டிக்கொண்டிருந்த புரோகிராம், உறைந்துவிட்டது. ஒரு தடவைகூட சேவ் பண்ணவில்லை.

"போச்சாடா தம்பி?"

போகவில்லை. புரோகிராம் இன்னும் சாகவில்லையே, எழுதியது மெமரியில்தான் இருக்கும். எடிட்டரை மூடிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்தேன்.

லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் 'ப்ராக்' அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்), கணினி அதற்குக் கொடுத்த எண்ணிலேயே ஓர் அடைவு உண்டு, அதில் 'மெம்' என்று ஒரு கோப்பு. அளவு பார்த்தால் 0 பைட், ஆனால் அந்தப் புரோகிராமின் மொத்த மெமரியும் அதுதான். (இந்த யோசனை 1984இல் பெல் லேப்ஸில் டாம் கில்லியன் யூனிக்ஸுக்காகச் செய்தது.) சாதாரணக் கோப்பு மாதிரி முதலிலிருந்து படித்தால் உடனே பிழைதான் வரும், ஏனென்றால் முகவரி 0இல் எதுவும் இல்லை, நடுவிலும் பெரிய பெரிய ஓட்டைகள். பக்கத்திலேயே இருக்கும் 'மேப்ஸ்' கோப்பைப் பார்த்து, ஹீப் (புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கிக்கொள்ளும் மெமரி) எந்த முகவரியில் தொடங்கி எதில் முடிகிறது என்று எடுத்துக்கொண்டு, அங்கே தாவித்தான் படிக்க வேண்டும். உபுண்டுவில் உங்கள் சொந்தப் புரோகிராமையே இப்படிப் படிக்க விடாது, சூடோ (நிர்வாகி அனுமதி) கேட்கும். எரிச்சல்தான், ஆனால் பிரவுசருக்குள் இருக்கும் கடவுச்சொல்லை வேறொரு புரோகிராம் இதே வழியில் எடுத்துவிடக் கூடாதே, சரி.

முதலில் எடிட்டருக்கு ஸ்டாப் சிக்னல் அனுப்பி நிறுத்தினேன், படிக்கும்போது உள்ளே எதுவும் மாறாமல் இருக்கட்டும் என்று. அப்புறம் பைத்தான் மொழியில் பத்து வரி நிரல். எல்லா வரியிலும் மாமா 'வெள்ளி' (ரிங்கிட்) என்று எழுதியிருப்பார் என்பது தெரியும், அதனால் அந்தச் சொல்லின் யூடிஎஃப்-8 (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) பைட்டுகளைத் தேடி, முன்னும் பின்னும் இருநூறு பைட் வெட்டி எடுத்தேன். எழுத்துகளை மட்டும் பொறுக்கித் தரும் ஸ்டிரிங்ஸ் கட்டளையைச் சும்மா ஓட்டினால் தமிழ் வராது, அது ஆங்கில எழுத்துகளைத்தான் எழுத்தாக மதிக்கும்.

வந்தது. ஆனால் கலைந்து வந்தது. இந்த எடிட்டர் ஒவ்வொரு வரியையும் தனித்தனித் துண்டாக வைத்துக்கொள்கிறது, திருத்தும்போது புதுத் துண்டு எடுத்துக்கொண்டு பழையதை விட்டுவிடுகிறது. விட்ட இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காராதவரை பழைய எழுத்து பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அதனால் கடைசி லயத்துப் பாட்டியின் பெயர் 51 வெள்ளியோடு ஒருமுறை, 501 வெள்ளியோடு ஒருமுறை. எது முதலில் அடித்தது, எது திருத்தியது என்று முகவரியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் போனை எடுத்தார்.